பயணம் சொல்லாத வீடு

மகளே,

இரண்டு தெரு தள்ளி இருக்கும் மகளுக்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் இந்த மேலப்பாளையத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சுகம் விசாரிக்க ஒன்றுமில்லை. காலையில்தான் உன் வீட்டு நடையில் நின்று இட்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு நேரில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் சவூதியில், தம்மாமில் ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் படுத்துக்கொண்டு, கடிதத்திலேயே குடும்பம் நடத்தியவன் நான். நேரில் என்றால் இரண்டாவது பேச்சில் எனக்குக் கோபம் வந்துவிடும், மூன்றாவதில் நீ "சரி வாப்பா, விடுங்க" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாய். காகிதம் எழுந்து போகாது. படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு. உன் மாமியாரும் படிக்கட்டும், உம்மாவுக்கு நீயே வாசித்துக் காட்டு. எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்ட ஒரு காரியத்தை எல்லார் முன்னாலும் மறுக்கப் போகிறேன், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உன்னைத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வண்டி வரும். ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாய். ஒரு வருஷமாக அந்த மொழியைப் படித்து, பரீட்சை எழுதி, தோற்று, மறுபடியும் எழுதி வாங்கிய வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன் மகனுக்கு ஐந்து வயது. அவனுக்கும் மாப்பிள்ளைக்கும் காகிதம் சரியாகி வர ஒரு வருஷமாவது ஆகும் என்கிறாய். போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவனை என்ன செய்வது என்று எல்லாரும் பேசினோம். "புள்ளைட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒன்றரை மணிக்கு நன்னா கடைக்குக் கூட்டிட்டுப் போயிரட்டும். திரும்பி வாறதுக்குள்ள வண்டி கெளம்பிரும்" என்று உன் மாமியார் சொன்னார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாய். நன்னா என்று அவன் கூப்பிடும் இந்தத் தாத்தாவும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான் அவனைக் கடைக்கு அழைத்துப் போக மாட்டேன். நீ போகிறாய் என்பதை நீயே உன் வாயால் அவனிடம் சொல்ல வேண்டும்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு ஒரு சொல்லில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள். சபர் என்ற சொல்லைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் நீ. அரபியில் அதற்குப் பயணம் என்றுதான் பொருள். நம் வீடுகளில் அப்படி இல்லை. அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினால் அது சபர் ஆகாது. சென்னைக்கு ரயில் ஏறினாலும் ஆகாது. நாட்டு எல்லையைத் தாண்டி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, சம்பாதிக்கப் போனால்தான் சபர். போன ஆள் சபராளி, அவன் வீடு சபராளி வீடு. உன் உம்மா குலசேகரன்பட்டினத்துக்காரி. கடற்கரைப் பக்கம் அந்தச் சொல்லுக்கு இங்கே உள்ளதைவிடக் கனம் அதிகம். நாங்கள் அவளைப் பெண் கேட்டுப் போனபோது அவள் வாப்பா, "மாப்பிள்ளைக்கு என்ன சோலி?" என்று கேட்டார். என் கூடப் பிறந்த மூத்த காக்கா, "சபர்ல இருக்கான்" என்றார். அதற்குமேல் ஒரு கேள்வி கிடையாது. தேநீர் வந்துவிட்டது. நான் அங்கே அரிசி மூட்டை தூக்குகிறவன் என்பது கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம்தான் உன் உம்மாவுக்குத் தெரியும். "சபர்னு சொன்னீக, சாக்குன்னு சொல்லலியே" என்று ஒரு வாரம் என்னை வைத்துச் சிரித்தாள்.

மெயின் ரோட்டு டீக்கடை அண்ணாச்சிக்கு இந்தச் சொல் தெரியாது. அவருக்குப் பாரின். "அண்ணாச்சி பாரின்ல இருந்து எப்பம் வந்தீக?" என்பார். அவர் வாயில் அது சோப்பு, சென்ட், கோடாலித் தைலம். பத்திரிகையில் புலம்பெயர்ந்தோர் என்று எழுதுகிறார்கள். விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நம் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறிமாறிப் பார்க்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் எந்தப் புலமும் பெயரவில்லை, சத்தியமாக. உடம்புதான் அங்கே மூட்டை தூக்கியது. மனசு இங்கே பீடி முறத்துக்குப் பக்கத்தில் உன் உம்மாவோடு உட்கார்ந்திருந்தது. அதனால் எனக்கு நம் வீட்டுச் சொல்தான் பொருத்தமாகப் பட்டது. ஆனால் அதுவும் முழுசாக உண்மை இல்லை என்று எங்கள் அறையில் இருந்த ஒரு கீழக்கரைக்காரர் புரிய வைத்தார். பயணத்தில் இருப்பவனுக்குத் தொழுகையில் சலுகை உண்டு அல்லவா? நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். நான் போன புதிதில் அப்படித்தான் சுருக்கிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள், "நீரு இங்க வந்து எத்தன மாசமாச்சு வே? துணி காயப்போடக் கயிறு கட்டிட்டீரு, பாய் வாங்கிட்டீரு. பயணி என்ன பயணி? முழுசாத் தொழும்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் சொன்னதுதான் சட்டம். ஓரிடத்தில் தங்குவதென்று நினைத்துவிட்டால் அவன் பயணி இல்லை. மார்க்கக் கிதாபுப்படி பார்த்தால் நான் சபரில் இருந்தது விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரம் மட்டும்தான். ஆனால் இங்கே என் வீட்டில் இருபத்திரண்டு வருஷமும் "வாப்பா எங்கே?" என்ற கேள்விக்கு "சபர்ல" என்றே பதில் சொன்னார்கள். விடுமுறைக்கு வந்து என் வீட்டு முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போதும், தெருவில் போகிறவர்கள், "சபராளி வந்திருக்காரு போலிருக்கே" என்றார்கள்.

சபருக்குப் போகிறவன் பயணம் சொல்ல வேண்டும். அதையும் நீ பார்த்திருக்கிறாய். இந்த இரண்டு வாரமாக நீயே செய்துகொண்டிருக்கிறாய். வீடு வீடாகப் போய், "பயணம் சொல்ல வந்தேன். தப்புத் தண்டா ஏதாச்சும் செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க, துஆ செய்யுங்க" என்று கேட்பது. மனசில் பகை வைத்திருப்பவன்கூட அன்றைக்குப் "பொறுத்தேன்" என்று சொல்லியாக வேண்டும். நான் முதல்முறை போனபோது நாற்பது வீட்டுக்குக் குறையாமல் ஏறி இறங்கினேன். ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத என் பெரிய மச்சான் வீட்டிலும் போய் நின்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் தேநீர், தம்மாமில் இருக்கும் அவர்கள் பிள்ளைக்கு ஒரு ஊறுகாய்ப் பொட்டலம். நல்ல வழக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வீட்டில் மட்டும் யாரும் பயணம் சொல்லுவதில்லை. அது அவனவன் சொந்த வீடு.

போகிற நேரத்தில் வாசலில் கண்ணீர் விழக்கூடாது என்பார்கள். அதற்காகப் பெண்டாட்டி அடுப்படியிலேயே நிற்க வேண்டும். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்கென்றே ஒரு மாமனோ சின்ன வாப்பாவோ இருப்பார். வேளைகெட்ட வேளையில் புதுச்சட்டை போட்ட பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றால், கடைக்காரருக்கே தெரிந்துவிடும். "இன்னைக்கு ஒங்க வீட்டுல சபரா?" என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு, பிள்ளை கையில் கூட ஒரு மிட்டாய் வைப்பார். ஊரே சேர்ந்து ஒரு பிள்ளையை ஏமாற்றும். பிள்ளை ஒன்று மட்டும் சிரித்துக்கொண்டே வரும். இதை அன்பு என்று நினைத்துத்தான் எல்லாரும் செய்தோம், நானும் நினைத்தேன்.

உனக்கு நாலு வயது. விடுமுறை முடிந்து நான் மறுபடியும் கிளம்பிய நாள். உன் சின்ன மாமா உன்னைச் செருப்பு வாங்க ஜங்ஷனுக்கு அழைத்துப் போனான். செருப்பு என்றதும் நீ போட்ட ஆட்டம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. "வாப்பா, பூ வச்ச செருப்பு வாங்கட்டுமா?" என்று கேட்டாய். "வாங்கு மக்கா" என்றேன். "வாப்பாக்குக் காட்டுவேன்" என்றாய். "காட்டு" என்றேன். என்ன நாக்கு இது! பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இருக்கப்போவதில்லை என்று தெரிந்தே "காட்டு" என்று சொன்ன நாக்கு. நீ தெருமுனை திரும்பியதும் என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். வாசலில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழவில்லை. நல்லபடியாகக் கிளம்பினான் என்று எல்லாருக்கும் திருப்தி.

நீ திரும்பி வந்து என்ன செய்தாய் என்பது எனக்குத் தெரியாது. போன மாதம் வரைக்கும் தெரியாது. உன் உம்மா எனக்கு வாரம் ஒரு கடிதம் போட்டாள். எல்லாவற்றிலும் சுகம். பிள்ளை சுகம், நல்லா சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், உங்களைத் தேடுகிறாள், கவலைப்பட வேண்டாம். சபரில் இருக்கும் ஆளுக்கு நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அங்கே தனியாகக் கிடப்பவன் மனசு கஷ்டப்படக்கூடாதாம். நானும் அப்படியே நம்பிக்கொண்டு மூட்டை தூக்கினேன்.

ஒரு விஷயம் மட்டும் என் காதுக்கு வந்தது, அதையும் வேடிக்கைக் கதையாகச் சொன்னார்கள். உனக்கு ஐந்தரை வயது இருக்கும்போது, அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு உன் உம்மாவோடு பஸ் நிலையத்தில் நின்றாயாம். உம்மா பையை எடுத்து வைக்கிற நேரத்தில் நீ ஒரு கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "இந்த பஸ்சு சபருக்குப் போவுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

"சபரா? அது எங்கன இருக்கு தாயி?"

"எங்க வாப்பா இருக்குற ஊரு."

அந்த மனுஷன் மற்ற கண்டக்டர்களிடம் எல்லாம் விசாரித்தாராம். "ஏலே, பாபநாசத்துக்கு மேல சபர்னு ஏதாச்சும் ஊரு இருக்காடே?" என்று. ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் இல்ல தாயி, திருநெல்வேலி போயி கேளு" என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னாராம். இந்தக் கதை தம்மாம் வரைக்கும் வந்தது. எங்கள் அறையில் பன்னிரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஒரு சின்னப் பிள்ளை என்னைத் தேடிப் பஸ் ஏறப் பார்த்திருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

உனக்கு ஆறு வயதானபோது விடுமுறைக்கு வந்தேன். உனக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்திருந்தேன். சிவப்பு நிறம், நடந்தால் குதிகாலில் விளக்கு எரியும். தெருப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க வந்தார்கள். நீ மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றாய். பெருநாள் அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "போட்டுக் காட்டு மக்கா" என்று உன் காலைப் பிடித்தேன். நீ என் கையை உதறிவிட்டு ஷூவை எடுத்து முற்றத்தில் எறிந்தாய். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு மானம் போனதாகப்பட்டது. ஓங்கி அறைந்தேன். நீ அழவில்லை. என்னை நேராகப் பார்த்து, "நீங்க யாரு என்னைய அடிக்க?" என்றாய்.

உன் உம்மா ஓடி வந்து உன் வாயைப் பொத்தினாள். "செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே" என்று அவளையும் ஏசினேன். இருபது நாளில் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். அன்றைக்கும் உன்னை எங்கோ அனுப்பியிருந்தார்கள். பிறகு நீ வளர்ந்தாய், படித்தாய், மரியாதையாகப் பேசினாய், வாப்பா வாப்பா என்று எல்லாம் செய்தாய். அந்தக் கேள்வியை மட்டும் நான் யாரிடமும் சொல்லவும் இல்லை, மறக்கவும் இல்லை. திமிர் பிடித்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே என் வருத்தத்தை ஒளித்து வைத்துக்கொண்டேன்.

போன மாதம் உன் வேலைக் கடிதம் வந்த அன்று சாயங்காலம், உன் உம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போதே உன் மாமியார் உன் மகனைக் கடைக்கு அனுப்பும் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. உன் உம்மா முறத்தில் இருந்து தலையைத் தூக்காமல், "ஏங்க, அந்தப் பயலாச்சும் செருப்புப் போடட்டும்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்லுதே?" என்றேன். அப்போதுதான் சொன்னாள். அன்றைக்கு நீ பூ வைத்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மண் படக்கூடாது என்று வெறுங்காலோடு தெருவில் ஓடி வந்திருக்கிறாய். வாப்பா எங்கே என்று வீடு முழுக்கத் தேடியிருக்கிறாய். கக்கூஸ் கதவைக்கூடத் தட்டியிருக்கிறாய். சபருக்குப் போய்விட்டார்கள் என்றதும் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டாய். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நீ செருப்புப் போடவில்லை. பங்குனி வெயிலில் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கால். டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார்களாம், உம்மா அடித்துப் பார்த்தாளாம், கெஞ்சிப் பார்த்தாளாம். யார் கடைக்குக் கூப்பிட்டாலும் தூணைக் கட்டிக்கொள்வாயாம். நீ செருப்பு வாங்கப் போனதால்தான் வாப்பா போய்விட்டார்கள் என்று உனக்குள்ளே ஒரு கணக்கு. நான் அந்தக் காலைப் பிடித்துத்தான் ஷூ மாட்டப் பார்த்திருக்கிறேன்.

"இத ஏன் எனக்கு எழுதல நீ?" என்று கத்தினேன். "சபர்ல இருக்குற ஆளுக்கு எப்படிங்க எழுத?" என்றாள். அவளைக் கோபித்து என்ன செய்ய? எழுந்து போய் முகம் கழுவினேன். அறுபத்தேழு வயதில் ஒருவன் கொல்லைப்புறத்தில் நின்று அழுதால் யாருக்கு என்ன லாபம் என்று நீ கேட்கலாம். ஒரு லாபமும் இல்லை. அழுகை வந்தது, அழுதேன். உன்னை அடித்த கை இது. மன்னிப்புக் கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மகளே, பொறுத்துக்கொள். ஊரில் நாற்பது வீட்டில் கேட்டதை உன்னிடம் இப்போதுதான் கேட்கிறேன்.

இதற்கிடையில் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எனக்கு ஆறாது. நீ பயணம் சொல்லப் போன ஒரு வீட்டில், "பொம்பளப்புள்ளைக்கு ஏதும்மா சபரு? வேலைக்குப் போறேன்னு சொல்லு" என்றார்களாமே. நீ சிரித்துக்கொண்டு வந்துவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நல்லா இருக்கிறது நியாயம்! பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத நான் அரிசி மூட்டை தூக்கப் போனது சபராம், பரீட்சை எழுதி ஜெயித்து நோயாளிகளைப் பார்க்கப் போகிற என் மகளுக்கு அந்தச் சொல் கிடையாதாம். நீ அந்தச் சொல்லை எடுத்துக்கொள், யார் அனுமதியும் வேண்டாம். இந்த வீட்டின் சபராளி இனிமேல் நீதான். ஆனால் அந்தச் சொல்லோடு சேர்த்து நாங்கள் வைத்திருந்த பழக்கங்களை எடுத்துக்கொண்டு போகாதே. உன் மகனுக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே உனக்குச் சொல்வோம். எல்லாரும் சுகம் என்று நாங்கள் அளந்தால் நீ நம்பாதே, அதட்டிக் கேள். அவன் போனில் உன்னோடு பேச மாட்டேன் என்று அடம்பிடிக்கிற நாள் வரும். வந்தால், திமிர் என்று நினைக்காதே. உன் இடத்துக்கு ஒரு பொம்மையை வாங்கி அனுப்பாதே. நான் பெட்டி பெட்டியாக அனுப்பிப் பார்த்தவன்.

இனி நேற்று நடந்தது. இதற்காகத்தான் இந்தக் கடிதம் இன்றைக்கே உன் கைக்கு வர வேண்டும். நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உனக்குத் தைரியம் போதாது, எனக்கும் அந்த வயதில் போதவில்லை, போன வெள்ளிக்கிழமையும் போதவில்லை. சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று முடிவு பண்ணி, சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உன் மகனைக் கருப்பந்துறைக்கு அழைத்துப் போனேன். ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. படியில் உட்கார்ந்து அவன் கல் எறிந்துகொண்டிருந்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏலே, ஒங்கிட்ட ஒரு சங்கதி சொல்லணும்லே" என்றேன்.

அவன் கல்லைப் பொறுக்கிக்கொண்டே, "உம்மா ஜெர்மனி போறதுதான?" என்றான்.

"யாருலே சொன்னது?"

"யாரும் சொல்லல. பெரிய பொட்டிய பரண்ல இருந்து எறக்கியாச்சுல்லா. எல்லா வீட்டுலயும் போயி பயணம் பயணம்னு சொன்னாகள்லா. நானும்தான கூடப் போனேன்."

நாம் பெரியவர்கள் எவ்வளவு முட்டாள்கள் என்று பார். பதினான்கு நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லியிருக்கிறாய். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"பொறவு ஏன்லே உம்மாட்ட ஒண்ணுமே கேக்கல?" என்றேன்.

அவன் கல்லைக் கீழே போட்டுவிட்டு என் மடியில் வந்து உட்கார்ந்தான். என் தாடியைப் பிடித்துத் திருப்பி, காதுக்குள்ளே சொன்னான். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உம்மா அழுவா. நீங்க சொல்லிராதீங்க நன்னா."

இறங்கிப் போய் இன்னும் ஒரு கல்லை ஆற்றில் எறிந்தான். பிறகு மறுபடியும் என் காதுக்கு வந்தான். "ஞாயித்துக்கிழம நாம கடைக்குப் போயிருவோம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். திரும்பி வரும்போது பைய நடப்போம், என்ன? வேகமா வந்துட்டா உம்மா இன்னும் போயிருக்க மாட்டா."

சரி என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். வேறு என்ன சொல்ல முடியும் என்னால்? அந்த வாக்கை இந்தக் கடிதத்தில் முறிக்கிறேன். அதற்கு அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அது எனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம். அவன் இப்போது இங்கேதான் இருக்கிறான், உன் உம்மா சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கடிதத்தை அப்படியே போட்டுவிட்டு வா. நீ அழுவாய் என்றுதான் அந்தப் பிள்ளை பதினான்கு நாளாகப் பயந்துகொண்டிருக்கிறது. அவன் முன்னாலேயே அழுதுவிடு.

வாப்பா